'எங்க பாப்பா சமத்து, அழவே அழாது' என்று விட்டுவிடலாமா? நடையைத் தாமதமாக்கும் பிறவித் தைராய்டு குறைபாடு: முழு விளக்கம்

"எங்க பாப்பா ரொம்ப சமத்து. பசிச்சாக்கூட அழாது, நாமதான் எழுப்பிப் பால் கொடுக்கணும்." கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படும் வார்த்தை இது. நான்கு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை என்றால், "அவங்க அப்பாவும் எல்லாமே லேட்டாதான் செஞ்சான்" என்று ஒரு சமாதானம் வரும். ஒன்பது மாதம் ஆகியும் உட்காரவில்லை என்றால், "எண்ணெய் தேச்சு காலை நல்லா நீவி விடுங்க, சரியாயிடும்" என்று ஓர் ஆலோசனை வரும்.

பல குழந்தைகள் விஷயத்தில் இந்தச் சமாதானங்கள் பலித்தும் விடுகின்றன. அதனால்தான் பலிக்காத குழந்தையை அடையாளம் காண்பது கடினமாகிறது. அந்த அமைதிக்கும் தாமதத்துக்கும் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களில் ஒன்று, பிறவித் தைராய்டு ஹார்மோன் குறைபாடு.

பிறந்த இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்தால், தினமும் ஒரு சிறிய மாத்திரையோடு இந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்து, ஓடி விளையாட முடியும். மாதக்கணக்கில் கோட்டைவிட்டால், அதன் பிறகு எவ்வளவு மாத்திரை கொடுத்தாலும் சில இழப்புகள் திரும்பாது. மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். ஆனால் உட்காருவது, நிற்பது, நடப்பது, பென்சில் பிடிப்பது வரை இந்த ஹார்மோனை நம்பியிருப்பது பலருக்குத் தெரியாது.

பிறவித் தைராய்டு குறைபாடு என்றால் என்ன?

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. அது சுரக்கும் ஹார்மோன் பிறந்ததிலிருந்தே போதுமான அளவு இல்லாமல் இருப்பதுதான் பிறவித் தைராய்டு குறைபாடு.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இதற்குக் காரணம், கருவிலேயே சுரப்பி சரியாக உருவாகாததுதான். சிலருக்குச் சுரப்பியே இருக்காது. சிலருக்கு அது கழுத்துக்கு இறங்கி வராமல் நாக்கின் அடியிலேயே தங்கிவிடும். இன்னும் சிலருக்குச் சுரப்பி சரியான இடத்தில் இருந்தாலும், ஹார்மோன் தயாரிக்கும் வேலையில் மரபணுக் கோளாறு இருக்கும்.

உலக அளவில் சுமார் 2,000 முதல் 4,000 குழந்தைகளுக்கு ஒருவர் இப்படிப் பிறப்பதாகக் கணக்கிடப்படுகிறது. இந்தியாவில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒரு குழந்தை என்ற அளவில் இந்தக் குறைபாடு தெரியவந்தது.

"அம்மாவுக்குத் தைராய்டு இருக்கு, அதான் குழந்தைக்கும் வந்துடுச்சு" என்று தாயைக் குறை சொல்வதும் நடக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் விஷயத்தில் இது உண்மை இல்லை. தைராய்டு பிரச்னையே இல்லாத தாய்க்கும் இப்படிக் குழந்தை பிறக்கலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடும் தாய்மார்களின் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன.

கழுத்தில் இருக்கும் சுரப்பிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு குழந்தை நடக்க வேண்டுமென்றால் மூன்று விஷயங்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். தசைக்குப் பலம் வேண்டும். மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை வேகமாகப் போய்ச் சேர வேண்டும். விழாமல் நிற்கச் சமநிலை வேண்டும். தைராய்டு ஹார்மோன் இந்த மூன்றிலும் கை வைக்கிறது.

முதலில் தசை. ஹார்மோன் குறைந்தால் தசை சுருங்குவதும் தளர்வதும் மந்தமாகிவிடும். குழந்தையைத் தூக்கினால் துணி பொம்மை போலத் துவண்டு கிடக்கும்.

அடுத்து நரம்பு. மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பது போல, நரம்பு இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. அது இருந்தால்தான் கட்டளை வேகமாகப் போகும். இந்த உறை மும்முரமாக உருவாவது முதல் இரண்டு, மூன்று வயதுக்குள். அதற்குத் தைராய்டு ஹார்மோன் அவசியம்.

மூன்றாவது சிறுமூளை. பின்மண்டையில் இருக்கும் இந்தப் பகுதிதான் சமநிலையையும் அசைவின் துல்லியத்தையும் கவனித்துக்கொள்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிறந்த முதல் வருடத்திலும் இது அசுர வேகத்தில் வளர்கிறது. அந்த நேரத்தில் ஹார்மோன் இல்லாவிட்டால், சிறுமூளை செல்கள் கிளைவிட்டுப் பரவுவதும், போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நகர்வதும் தடைபடும்.

இங்கேதான் முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. தசையின் மந்தம் மாத்திரை ஆரம்பித்த வாரங்களிலும் மாதங்களிலும் பெரும்பாலும் சரியாகிவிடும். மூளையின் கட்டுமானத்துக்கோ காலக்கெடு உண்டு. அந்தக் காலம் முடிந்தபின் ஹார்மோன் வந்து சேர்ந்தாலும், விடுபட்ட வேலையை முழுதாகச் செய்ய முடியாது.

பிறந்த உடனே ஏன் தெரிவதில்லை?

தாயின் உடலிலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கொஞ்சம் ஹார்மோன் குழந்தைக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனால் பிறக்கும்போது பெரும்பாலான குழந்தைகள் பார்க்க நன்றாகவே இருக்கும். எடை சரியாக இருக்கும், அழுகை வரும், பாலும் குடிக்கும். தாயிடமிருந்து வந்த கையிருப்பு தீர்ந்த பிறகுதான் அறிகுறிகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க்கின் பழைய கணக்கு ஒன்று சாட்சி. பச்சிளம் குழந்தைப் பரிசோதனை வருவதற்கு முன்பு, அங்கே பாதிக்கப்பட்ட குழந்தைகளில் முதல் மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 10 சதவீதம் பேர்தான். ஒரு வயது முடியும்போதும் கிட்டத்தட்ட 30 சதவீதக் குழந்தைகள் கண்டுபிடிக்கப்படாமலே இருந்தார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

முதல் வாரங்களில் தெரியக்கூடியவை:

- எந்நேரமும் தூக்கம், பால் குடிக்கவும் எழுப்ப வேண்டிய நிலை
- பிறந்த மஞ்சள் காமாலை இரண்டு வாரத்துக்கு மேலும் நீடிப்பது
- மலச்சிக்கல்
- கரகரத்த, கனத்த அழுகை
- வெளியே தள்ளியபடி தெரியும் பெரிய நாக்கு
- தொப்புள் புடைப்பு
- வறண்ட, குளிர்ந்த தோல்
- உச்சிக்குழி பெரிதாக இருப்பது
- கை கால் துவண்டு இருப்பது

இதில் சிக்கல் என்னவென்றால், இவை ஒவ்வொன்றுக்கும் நம் வீடுகளில் ஒரு கைவைத்தியம் தயாராக இருக்கிறது. காமாலைக்குக் காலை வெயில், மலச்சிக்கலுக்கு உரை மருந்து, தொப்புளுக்குக் காசு வைத்துக் கட்டுவது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரணம். இவற்றில் இரண்டு மூன்று ஒரே குழந்தையிடம் சேர்ந்து தெரிந்தால், தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அசைவு வளர்ச்சியில் கவனிக்க வேண்டியவை: 4 மாதம் முடிந்தும் தலை நிற்காதது, 9 மாதம் ஆகியும் பிடிமானம் இல்லாமல் உட்காராதது, 18 மாதம் ஆகியும் தானாக நடக்காதது. இந்தத் தாமதங்களுக்குத் தைராய்டு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் காரணம் இது. மருந்தும் இருக்கிறது. எனவே தைராய்டு முதலிலேயே பார்த்துவிட வேண்டிய ஒன்று.

பயில்வான் கால், ஆனால் பலம் இல்லை

நீண்ட காலம் சிகிச்சை இல்லாமல் விடப்பட்ட சில குழந்தைகளிடம் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். கெண்டைக்கால், தொடை, தோள் எல்லாம் உடற்பயிற்சி செய்தவர் போலத் திரண்டு இருக்கும். பார்ப்பவர்கள் "பயில்வான்" என்று கொஞ்சுவார்கள். ஆனால் அந்தக் குழந்தையால் மாடிப்படி ஏற முடியாது. தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றித்தான் எழும்.

இதற்குக் கோச்சர்-டெப்ரே-செமெலான் நோய்க்குறி என்று பெயர். 1892இல் இதை முதலில் விவரித்தவர் சுவிட்சர்லாந்து அறுவை சிகிச்சை நிபுணர் தியோடர் கோச்சர். தைராய்டு ஆய்வுகளுக்காக 1909இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

டுஷேன் என்ற மரபணுத் தசைச் சிதைவு நோயிலும் கெண்டைக்கால் இப்படித்தான் பெருத்திருக்கும், தசையில் பலமும் இருக்காது. ரத்தத்தில் சி.கே. எனும் தசை நொதியின் அளவு இரண்டிலுமே உயரும். ஆனால் டுஷேன் நாளாக நாளாகத் தீவிரமாகும் நோய். தைராய்டால் வந்த தசை வீக்கமோ, மாத்திரை ஆரம்பித்த சில மாதங்களில் வடிந்து, பலமும் திரும்பிவிடும். அதனால் பெருத்த காலும் பலவீனமும் சேர்ந்து இருக்கும் குழந்தைக்குத் தைராய்டு பரிசோதனை செய்யாமல் முடிவுக்கு வருவது சரியல்ல.

சிகிச்சை ரொம்பவே தாமதமானால் நடை எப்படி மாறும்?

தசைத் தளர்ச்சியோடு பிரச்னை நிற்பதில்லை. சில குழந்தைகளுக்குக் கால்கள் விறைத்துப்போய், கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். சிலர் கால்களை அகட்டி வைத்து, தள்ளாடி நடப்பார்கள். சட்டை பட்டன் போடுவது, எழுதுவது போன்ற கை வேலைகள் தடுமாறும்.

எலும்பும் தப்பாது. இடுப்பு மூட்டின் பந்து போன்ற பகுதி சரியாக வளராமல் போகலாம். வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பந்து, எலும்பிலிருந்து நழுவவும் வாய்ப்பு உண்டு. இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டி நடக்கும் பிள்ளை வயதுக்கு ஏற்ற உயரமும் இல்லாமல் இருந்தால், தைராய்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அயோடின் சொல்லும் கதை

தைராய்டு ஹார்மோன் தயாரிக்க மூலப்பொருள் அயோடின். மண்ணில் அயோடின் இல்லாத மலைப்பகுதிகளில், காது கேளாமை, மனவளர்ச்சிக் குறைபாடு, விறைத்த கால்கள் ஆகியவை சேர்ந்த நிலையில் குழந்தைகள் பிறப்பது ஒருகாலத்தில் சாதாரணமாக இருந்தது. இந்தியாவின் இமயமலை அடிவாரப் பகுதிகளும் அதில் அடக்கம்.

1960களில் பப்புவா நியூ கினியின் மலைக்கிராமங்களில் ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. ஒரு பிரிவு குடும்பங்களுக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி, மறு பிரிவுக்கு அயோடின் இல்லாத ஊசி. கருத்தரிப்பதற்கு முன்பே அயோடின் பெற்ற தாய்மார்களின் குழந்தைகள் இந்தப் பாதிப்பிலிருந்து காப்பாற்றப்பட்டார்கள்.

அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு, மணி கோர்ப்பது போன்ற சின்னச் சின்னக் கைவேலைகளை வைத்துச் சோதித்தார்கள். பார்க்க நலமாகத் தெரிந்த குழந்தைகளுக்குள்ளேயே, அயோடின் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கை வேகமும் துல்லியமும் கூடுதலாக இருந்தன. குறைபாடு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் அசைவில் அதன் தடயம் இருக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இந்தியாவில் கழலை நோய் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது 1962இல். சமையலுக்கான உப்பில் அயோடின் கட்டாயம் என்ற விதி நாடு முழுக்க 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்லுப்புப் பழக்கம் உள்ள தமிழ்நாட்டில் அயோடின் உப்பின் பயன்பாடு பல மாநிலங்களைவிடக் குறைவாகவே இருந்து வந்திருக்கிறது. கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குவது அவசியம்.

அதே நேரம், சுரப்பியே சரியாக உருவாகாத குழந்தைக்கு அயோடின் உப்பு பதில் ஆகாது. அதற்கு ஒரே வழி, சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான்.

குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

1974இல் கனடாவின் கியூபெக்கில் மருத்துவர் ஜான் துசோ குழு இதற்கு ஓர் எளிய வழியைக் கொண்டுவந்தது. குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் உலர வைத்து, அதில் ஹார்மோன் அளவைப் பார்ப்பதுதான் அது. பின்னர் பல நாடுகளில் இது எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படும் வழக்கமான பரிசோதனை ஆனது. இந்தியாவில் கேரளா, அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதைச் செய்துவருகிறது.

இதற்கு ஏற்ற நேரம், பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள். பிறந்த உடனே எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச். அளவு எகிறி, பிறகு இறங்கும் என்பதால், முதல் நாளிலேயே எடுத்தால் தவறான எச்சரிக்கை வரலாம். சில மருத்துவமனைகளில் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்துவிடுவார்கள்.

குறைமாதக் குழந்தைகள், எடை குறைந்த குழந்தைகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகள், ஒரே பாலின இரட்டையர்கள் ஆகியோருக்கு முதல் முடிவு சரியாக இருந்தாலும், சில வாரங்களில் மறுபடியும் பரிசோதனை தேவைப்படும்.

ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' அளவு பல நேரம் பெரியவர்களுக்கானது. பச்சிளம் குழந்தைக்கு அளவுகள் வேறு. எனவே நாமாகவே நல்லது கெட்டது முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாத்திரையை எப்படிக் கொடுக்க வேண்டும்?

இதற்கான மருந்து லெவோதைராக்சின். விலை மலிவு. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் என்ற அளவில் மருத்துவர் தொடங்குவார். இது வெளியிலிருந்து வரும் புதுப் பொருள் அல்ல, உடல் தயாரிக்க வேண்டிய அதே ஹார்மோன்.

- மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு இடையே வைத்துப் பொடித்து, சிறிதளவு தாய்ப்பாலிலோ ஆறிய நீரிலோ கலந்து, ஸ்பூனில் கொடுக்கலாம். முழுப் பாட்டில் பாலில் கலக்கக் கூடாது. குழந்தை மிச்சம் வைத்தால் மருந்தும் போய்விடும்.
- முன்கூட்டியே கரைத்து வைக்கக் கூடாது.
- இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்துகளோடும் சோயா பாலோடும் சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடலில் சேராது. சில மணி நேர இடைவெளி வேண்டும்.
- தினமும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டால் அன்றே ஞாபகம் வந்ததும் கொடுக்கலாம்.
- வெயில், ஈரம் படாத இடத்தில் மாத்திரையை வைக்க வேண்டும்.
- "அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுறாங்க, அது தாய்ப்பால் வழியா போயிடும்" என்பது தவறு. குழந்தைக்குத் தேவையான அளவு அப்படிப் போகாது.

முதல் வருடத்தில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து, எடை ஏற ஏற அளவை மாற்ற வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன. "குழந்தை நல்லாத்தானே விளையாடுது, எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவார்கள். நன்றாக விளையாடுவதே அந்த மாத்திரையால்தான். சில குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு தற்காலிகமானதாக இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதை மூன்று வயதுக்குப் பிறகு, மருத்துவர் மேற்பார்வையில் மருந்தை நிறுத்திப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். அதற்கு முன் நிறுத்துவது, மயலின் உருவாகும் அந்த முக்கியமான காலத்தில் குழந்தையைக் கைவிடுவது போல.

மாத்திரை கொடுத்தும் அசைவு சரியாகவில்லையா?

சீக்கிரம் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலானோர் இயல்பாக நடந்து, ஓடி, பள்ளிக்கும் போகிறார்கள். ஆனால் கருவிலேயே குறைபாடு தீவிரமாக இருந்தவர்களில் சிலருக்குப் பந்து பிடிப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, வேகமாக எழுதுவது போன்றவற்றில் சிறு தடுமாற்றம் இருக்கலாம் என்று நெதர்லாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பள்ளியில் "கையெழுத்து சரியில்லை, கவனம் இல்லை" என்று திட்டு வாங்கும் பிள்ளைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது அந்தப் பிள்ளைக்கு உதவும்.

ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகியும் உடலில் வெட்டி வெட்டி இழுப்பது போன்ற அசைவுகள், அடிக்கடி விழுவது, பிறந்தபோது மூச்சுத்திணறல் ஆகியவை சேர்ந்து இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். என்.கே.எக்ஸ்.2-1 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் தைராய்டு, நுரையீரல், மூளை மூன்றும் பாதிக்கப்படும். இந்த அசைவுகள் தைராய்டு மாத்திரையால் சரியாகாது. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஆண் குழந்தைகளை அதிகம் பாதிக்கும் அரிய நோய். இதில் சுரப்பி ஹார்மோனைத் தயாரிக்கும். ஆனால் அதை மூளைக்குள் கொண்டுபோகும் எம்.சி.டி.8 என்ற புரதம் வேலை செய்யாது. டி.எஸ்.எச். பெரும்பாலும் சாதாரணமாகவே இருப்பதால் குதிகால் பரிசோதனையில் சிக்காது. டி3 அளவு கூடியிருப்பதுதான் துப்பு. தலை நிற்காத, உடல் துவண்ட ஆண் குழந்தைக்குக் காரணம் புரியாமல் இருந்தால், டி3யையும் பார்க்கச் சொல்வார்கள் மருத்துவர்கள்.

பயிற்சிக்கு எங்கே போவது?

தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தை என்றால், "இனி என்ன பிரயோஜனம்" என்று விட்டுவிடத் தேவையில்லை. எந்த வயதில் மாத்திரை ஆரம்பித்தாலும் தசை பலம், சுறுசுறுப்பு, வளர்த்தி ஆகியவற்றில் முன்னேற்றம் உண்டு. அதோடு பிசியோதெரபி சேர்ந்தால், இருக்கும் திறனை அதிகபட்சம் பயன்படுத்த முடியும்.

மத்திய அரசின் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. 2013இல் தொடங்கப்பட்டது. அதன் கீழ் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு அங்கே இலவசமாக மதிப்பீடும் பயிற்சியும் கிடைக்கும். அங்கன்வாடிப் பணியாளரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழிகாட்டுவார்கள். எண்ணெய் தேய்த்து நீவி விடுவதில் தவறில்லை. ஆனால் அது மாத்திரைக்கோ பயிற்சிக்கோ மாற்று ஆகாது.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் பில், மருந்துச் சீட்டு, தடுப்பூசி அட்டை என்று எல்லாவற்றையும் சரிபார்ப்போம். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்: "குழந்தைக்கு டி.எஸ்.எச். பார்த்தாச்சா? ரிப்போர்ட் எப்ப வரும், யார்கிட்ட வாங்கணும்?"

எடுத்த ரத்தத்தின் முடிவை வாங்காமலே போய்விடுவதும் பரிசோதனை செய்யாததற்குச் சமம்தான். பார்க்கவில்லை என்று பதில் வந்தால், முதல் தடுப்பூசிக்கு வரும் நாள்வரை காத்திருக்காமல், அந்த வாரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. குழந்தை சில மாதங்களைத் தாண்டிவிட்டது, இதுவரை பார்க்கவே இல்லை, அசைவிலும் சந்தேகம் இருக்கிறது என்றால், இன்றைக்கே கூடப் பார்க்கலாம். முடிவு நார்மல் என்று வந்தால் நிம்மதி. இல்லை என்று வந்தால், அன்று முதல் கொடுக்கும் மாத்திரை, அந்தக் குழந்தைக்கு அதற்கு மேல் எந்த இழப்பும் வராமல் காப்பாற்றும்.